‘குணசேகரன்’ ஆள் மாறியது எப்படி? சீரியல் நடிகரின் தினக்கூலி வாழ்க்கை!

எப்போதும்வென்றான்:

பகலெல்லாம் பருத்தி எடுத்து, மிளகாய்ப்பழம் பறித்து, தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிவிட்டு வீடு திரும்பும் பெண்களுக்கு ராத்திரியில் கிடைக்கும் ஒரே ஓய்வு டி.வி. சீரியல்தான். எப்போதும்வென்றான், எட்டயபுரம், கோவில்பட்டி என்று கரிசல் காட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான்.

2022, 2023-ம் ஆண்டுகளில் இரவு 9.30 மணி ஆகிவிட்டால் சன் டி.வி.யில் ‘எதிர்நீச்சல்’. அதில் வரும் ஆதி குணசேகரனை திட்டாத வாய் கிடையாது. வீட்டுப் பெண்களை வாசல் தாண்ட விடமாட்டார். தம்பி பொண்டாட்டிகளை ஒரு வார்த்தை பேச விடமாட்டார். “இவன் எல்லாம் வெளங்குவானா?” என்று சாபம் விட்டபடியே, மறுநாளும் அவருக்காகவே டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள்.

2023 செப்டம்பர் 8-ந்தேதி அந்த குணசேகரன் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. திட்டியவர்களே கண் கலங்கினார்கள்.

இறந்தது குணசேகரன் அல்ல. அந்த வேடத்தில் நடித்த ஜி.மாரிமுத்து. ஆனால் குணசேகரன் சாகவில்லை. அடுத்த மாதமே இன்னொருவர் உருவத்தில் வந்து மறுபடியும் வீட்டை அதட்ட ஆரம்பித்துவிட்டார்.

இது எப்படி முடிகிறது? ஒரு மனுஷன் போனாலும் வேடம் நிற்காமல் ஓடுவது எப்படி? அப்படியானால் சீரியல் நடிகர் என்பவர் செய்யும் வேலைதான் என்ன? கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

55 வயதில் கிடைத்த பெயர்

மாரிமுத்துவின் சொந்த ஊர் தேனி மாவட்டம் வருசநாடு அருகே உள்ள பசுமலைத்தேரி. சினிமா ஆசையில் இளம் வயதிலேயே சென்னைக்கு ஓடியவர். போனதும் யாரும் நடிக்கக் கூப்பிடவில்லை. ராஜ்கிரணிடம் உதவி இயக்குனராக வேலை பார்த்தார். கவிஞர் வைரமுத்துவிடம் உதவியாளராக இருந்தார். மணிரத்னம், வசந்த், எஸ்.ஜே.சூர்யா என்று பல இயக்குனர்களிடம் வேலை செய்தார்.

2008-ல் ‘கண்ணும் கண்ணும்’, 2014-ல் ‘புலிவால்’ என்று இரண்டு படங்களை இயக்கினார். இரண்டும் அவரை பெரிய இயக்குனர் ஆக்கவில்லை. நடுவே 2011-ல் மிஷ்கின் இயக்கிய ‘யுத்தம் செய்’ படத்தில் போலீஸ் அதிகாரியாக நடிக்கும் வாய்ப்பு வந்தது. அங்கிருந்து ரூட் மாறியது. 2018-ல் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கதாநாயகியின் அப்பாவாக நடித்தார். தூத்துக்குடி, நெல்லை மாவட்ட மக்கள் அந்த அப்பாவை மறக்க மாட்டார்கள்.

இத்தனை படங்களிலும் கிடைக்காத புகழ் 2022 பிப்ரவரியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ சீரியலில் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 55-ஐ நெருங்கிக் கொண்டிருந்தது. சினிமா நடிகரை மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்போம். சீரியல் நடிகர் தினமும் வீட்டுக்குள் வருகிறார். ஒரு வருஷத்தில் சொந்தக்காரரை விட அதிக தடவை அவர் முகத்தைப் பார்த்துவிடுகிறோம். அவர் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

ஒரு நாள் வேலை எப்படி?

அரை மணி நேர சீரியலில் விளம்பரம் போக கதை ஓடுவது ஏறக்குறைய 20 நிமிடம். பார்க்க கொஞ்சமாகத் தெரியும். ஆனால் ஒரு சினிமாவுக்கு ஒரு நாளில் இரண்டு, மூன்று நிமிடக் காட்சி எடுத்தாலே நல்ல வேலை என்பார்கள். சீரியலில் ஒரே நாளில் ஒரு எபிசோடு அளவுக்கு எடுத்து முடிக்க வேண்டும். வாரத்துக்கு 6 எபிசோடு ஓடும் தொடருக்கு வேறு வழி இல்லை.

காலையில் மேக்கப் போட்டு, சேலையோ வேட்டியோ கட்டி ரெடியாக இருக்க வேண்டும். அன்றைக்கு என்ன சீன் என்பது பல நேரம் அன்று காலையில்தான் கைக்கு வரும். வசனம் எழுதுபவர் ஒரு பக்கம் எழுத எழுத, இன்னொரு பக்கம் ஷூட்டிங் நடப்பதும் உண்டு. உதவி இயக்குனர் வசனத்தை ஒருமுறை படித்துக் காட்டுவார். நடிகர் அதை மனசில் வாங்கிக்கொண்டு கேமரா முன்னால் நிற்க வேண்டும்.

மறந்துவிட்டால்? கேமராவுக்குப் பின்னால் நின்று ஒருவர் வசனத்தை சொல்லிக் கொடுப்பார். இதற்கு ‘பிராம்ட்டிங்’ என்று பெயர். பெங்களூரு, கேரளாவில் இருந்து வரும் நடிகைகள் பலர் தமிழ் சரியாகத் தெரியாமலேயே இப்படித்தான் சமாளிக்கிறார்கள். காதில் விழும் வசனத்தை வாயில் வாங்கி, முகத்தில் அழுகையையும் கொண்டு வருவது லேசுப்பட்ட காரியமா? அதுவும் ஒரு திறமைதான்.

இன்னொரு தலைவலியும் இருக்கிறது. கதை வரிசைப்படி எடுக்க மாட்டார்கள். ஹால் காட்சி என்றால் நாலைந்து எபிசோடில் வரும் ஹால் காட்சிகளை மொத்தமாக எடுப்பார்கள். லைட்டை மறுபடி மறுபடி மாற்றாமல் இருக்க இந்த ஏற்பாடு. காலையில் பிள்ளை காணாமல் போனதற்கு அழ வேண்டும். மத்தியானம் அதே பிள்ளை காணாமல் போவதற்கு முந்தைய நாள் காட்சி, சிரிக்க வேண்டும். அழுத காட்சியில் எந்தக் கையில் கைக்குட்டை இருந்தது, கோபம் எந்த அளவில் நின்றது என்று எல்லாம் ஞாபகம் வைத்துக் கொள்ள வேண்டும். இதை ‘கன்டினியூட்டி’ என்கிறார்கள்.

பேசாமல் நிற்பதும் நடிப்புதான்

சீரியலில் ஒருவர் பேசினால் சுற்றி நிற்கும் எட்டு பேர் முகத்தையும் கேமரா ஒவ்வொன்றாகக் காட்டும். கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. ஆனால் அந்த ‘ரியாக்ஷன்’ காட்சிக்கும் வேலை இருக்கிறது. எதிரில் வசனம் பேசியவர் அதற்குள் வேறு காட்சிக்குப் போயிருக்கலாம். வெறும் சுவரைப் பார்த்து, அங்கே மாமியார் நிற்பதாக நினைத்து முகம் காட்ட வேண்டும்.

மாரிமுத்துவின் தனித்தன்மை இங்கேதான் இருந்தது. கத்தி, குதித்து, புருவத்தை நெறித்து வில்லத்தனம் காட்டவில்லை. தென் மாவட்டத்தில் ஒரு பெரிய வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசினார். துண்டை உதறுவது, பாதி வார்த்தையில் அடுத்தவர் பேச்சை வெட்டுவது, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக் கொள்வது எல்லாம் ஊரில் தினமும் பார்க்கும் சங்கதி. அதனால்தான் பார்த்தவர்களுக்கு ‘நடிக்கிறார்’ என்று தோன்றவில்லை. ‘நம்ம பெரியப்பா மாதிரியே இருக்காரே’ என்று தோன்றியது.

கதை நடந்தது மதுரையில். பேச்சு வழக்கை அவர் யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டி இருக்கவில்லை. வருசநாட்டுத் தமிழ் கைவசம் இருந்தது.

குரல் கொடுக்கப் போனவர் திரும்பவில்லை

ஷூட்டிங் முடிந்தால் வேலை முடிந்ததா? இல்லை. அடுத்து டப்பிங். படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் சத்தம் இருக்கும். அதனால் பல தொடர்களில் நடிகர்களோ, அவர்களுக்குப் பதிலாக டப்பிங் கலைஞர்களோ ஸ்டூடியோவில் மறுபடி பேசுவார்கள். இருட்டு அறை. எதிரே திரை. உதடு அசையும் நேரத்துக்குள் வார்த்தை போய் உட்கார வேண்டும். இரண்டு நாளைக்கு முன்னால் அடித் தொண்டையில் கத்தியதை, நின்ற இடத்தில் நின்றபடி அதே வேகத்தில் திரும்பக் கத்த வேண்டும்.

2023 செப்டம்பர் 8-ந்தேதி காலையில் மாரிமுத்து சென்னையில் ‘எதிர்நீச்சல்’ தொடருக்கு டப்பிங் பேசிக் கொண்டிருந்தபோதுதான் உடம்புக்கு முடியாமல் போனது. நெஞ்சு வலியோடு அவரே காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் சென்றதாக அப்போது செய்திகள் வந்தன. மாரடைப்பில் உயிர் பிரிந்தது. வயது 56. ரஜினிகாந்தின் ‘ஜெயிலர்’ படத்தில் அவர் நடித்து, அந்தப் படம் வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. உடல் பசுமலைத்தேரிக்குக் கொண்டு செல்லப்பட்டது.

வேலைப் பளுதான் காரணம் என்று யாரும் முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் இதில் எல்லோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. நெஞ்சு வலி வந்தால் ‘வாயுப் பிடிப்பு’ என்று தள்ளிப்போடக் கூடாது. தானே வண்டி ஓட்டிக்கொண்டும் போகக் கூடாது. உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி 108-ஐ கூப்பிட வேண்டும்.

மாதச் சம்பளம் கிடையாது

சீரியல் நடிகர் என்றால் லட்சம் லட்சமாக வாங்குவார் என்று ஒரு நினைப்பு உண்டு. முக்கிய வேடம் போடும் சிலருக்கு நல்ல சம்பளம் இருக்கலாம். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு நாள் கணக்குத்தான். மாதத்தில் எத்தனை நாள் ‘கால்ஷீட்’ கொடுத்தார்களோ அத்தனை நாளுக்குத்தான் காசு. களை எடுக்கப் போகிறவருக்கும், கட்டிட வேலைக்குப் போகிறவருக்கும் இருக்கும் அதே கணக்கு.

கதையில் சித்தப்பா ‘துபாய் போய்விட்டார்’ என்று ஒரு வசனம் வைத்தால் போதும். சித்தப்பாவாக நடிப்பவருக்கு அந்த மாதம் வேலை இல்லை. வாராவாரம் வியாழக்கிழமை டி.ஆர்.பி. கணக்கு வரும். புள்ளி இறங்கினால் கதை மாறும். கதை மாறினால் சிலர் வேடம் காணாமல் போகும். மழையை நம்பி மானாவாரியில் உளுந்து விதைக்கும் கரிசல் விவசாயி வானத்தைப் பார்ப்பது மாதிரி, இவர்கள் வியாழக்கிழமையைப் பார்க்கிறார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. ஷூட்டிங் மொத்தமாக நின்றது. சேனல்கள் பழைய தொடர்களையே திருப்பி ஓட்டின. டி.வி.யில் தினமும் முகம் தெரிந்தது. வீட்டில் வருமானம் இல்லை. பார்ப்பவர்களுக்கு அது தெரியவும் இல்லை. ஆள் எண்ணிக்கை கட்டுப்பாட்டோடு ஷூட்டிங் மறுபடி தொடங்கியபோது, நாள் சம்பளத்துக்காகப் பயத்தோடு போனவர்கள்தான் அதிகம்.

முகம் பழகிவிட்டால் வேறு சின்ன வேலைக்கும் போக முடியாது. ‘டி.வி.யில் வந்தவர் இங்கே நிற்கிறாரே’ என்று போட்டோ எடுப்பார்கள். சீரியல் நடிகரின் சங்கடமே இதுதான். பெயர் ஊர் முழுக்க இருக்கும். அடுத்த மாத வேலை உறுதி இருக்காது.

பெருநாழியில் இருந்து வந்த குணசேகரன்

சரி, ஆள் மாற்றும் கதைக்கு வருவோம். சீரியலில் ஒரு நடிகர் விலகினால் ‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்று கீழே எழுத்து ஓட விடுவார்கள். சின்ன வேடமாக இருந்தால் இரண்டு நாளில் ஜனங்கள் பழகிவிடுவார்கள். ஆனால் குணசேகரன்தான் கதையே. இயக்குனர் திருச்செல்வம் உடனே ஆளை மாற்றவில்லை. சில வாரங்கள் குணசேகரனைக் காட்டாமலேயே கதையை நகர்த்தினார்.

பிறகு 2023 அக்டோபரில் வந்து நின்றவர் வேல ராமமூர்த்தி.

அவர் யார் என்று கரிசல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதி அருகே உள்ள பெருநாழிதான் சொந்த ஊர். விளாத்திகுளம் தாண்டினால் எட்டிப் பிடிக்கிற தூரம். ராணுவத்தில் இருந்தவர். தபால் துறையில் வேலை பார்த்தவர். ‘குற்றப் பரம்பரை’, ‘பட்டத்து யானை’ நாவல்களை எழுதிய எழுத்தாளர். 2013-ல் ‘மதயானைக் கூட்டம்’ படத்தில் நடிக்க வந்தார். சாத்தூர் பக்கம் நடக்கும் கதையான ‘கிடாரி’ படத்தில் 2016-ல் பெரிய வேடம் செய்தார்.

ஒருவர் போட்ட வேடத்தை இன்னொருவர் போடுவதில் இரண்டு ஆபத்து இருக்கிறது. பழையவர் மாதிரியே செய்தால் ‘மிமிக்ரி’ என்பார்கள். புதுசாகச் செய்தால் ‘இது எங்க குணசேகரன் இல்லை’ என்பார்கள். அதுவும் இறந்து போனவர் இடம் என்றால் ஜனங்கள் மனசு லேசில் ஒப்பாது. வேல ராமமூர்த்தி மாரிமுத்துவை நகல் எடுக்கவில்லை. மாரிமுத்துவின் குணசேகரனிடம் ஒரு நக்கல் இருந்தது. இவருடைய குணசேகரனிடம் முரட்டுத்தனம் இருந்தது. ஆரம்பத்தில் முணுமுணுப்பு எழுந்தது உண்மை. தொடர் 2024 ஜூன் வரை ஓடியது. 2024 டிசம்பரில் இரண்டாம் பாகம் தொடங்கியபோதும் அவரே குணசேகரனாக வந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு பேரும் நடிப்புப் பள்ளியில் இருந்து வந்தவர்கள் அல்ல. ஒருவர் உதவி இயக்குனர், இன்னொருவர் எழுத்தாளர். இருவருக்கும் முதலீடு ஒன்றுதான்... ஊர் மனுஷரைப் பார்த்த கண், ஊர் பேச்சைக் கேட்ட காது.

வல்லநாட்டு கணேசன், டெல்லி கணேஷ் ஆன கதை

தூத்துக்குடி மாவட்டத்துக்கு இதில் இன்னொரு பெருமையும் உண்டு. சினிமாவிலும் சின்னத்திரையிலும் அப்பா, தாத்தா, குடும்பப் பெரியவர் என்றால் உடனே ஞாபகம் வரும் டெல்லி கணேஷ், வல்லநாட்டில் 1944 ஆகஸ்டு 1-ந்தேதி பிறந்தவர். 1964 முதல் 1974 வரை விமானப்படையில் வேலை பார்த்தார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் மேடை ஏறினார். பிறகு சென்னை வந்து காத்தாடி ராமமூர்த்தியின் நாடகங்களில் நடித்தார். 1977-ல் ‘பட்டினப் பிரவேசம்’ படத்தில் வாய்ப்புக் கொடுத்த கே.பாலசந்தர்தான் ‘டெல்லி’யை பெயருக்கு முன்னால் சேர்த்தார்.

400-க்கும் மேற்பட்ட படங்கள். அதற்கு மேல் மெகா தொடர்கள், நாடகங்கள், குறும்படங்கள். 1979-ல் வந்த ‘பசி’ படத்துக்காகத் தமிழக அரசின் சிறப்புப் பரிசும் வாங்கினார். கடைசி வரை வேலையை விடவில்லை. 2024 நவம்பரில் 80 வயதில் மறைந்தபோது விமானப்படையினர் வந்து மரியாதை செலுத்தினார்கள்.

அவர் வேலையின் ரகசியம் ரொம்ப எளிமை. கதாநாயகனாகத்தான் நடிப்பேன் என்று அடம் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், குமாஸ்தா, சமையல்காரர், புரோக்கர் என்று எந்த வேடம் வந்தாலும் அந்த ஆளாகவே மாறினார். அதனால் 45 வருஷத்துக்கு மேல் வேலை வந்து கொண்டே இருந்தது.

கோவில்பட்டி ஜி.வி.என். கல்லூரியில் படித்த சார்லியையும் 1983-ல் ‘பொய்க்கால் குதிரை’ படத்தில் அறிமுகப்படுத்தியது பாலசந்தர்தான். நகைச்சுவை நடிகராகப் பெயர் வாங்கிய பிறகும் படிப்பை விடாமல், தமிழ் சினிமா நகைச்சுவை பற்றி ஆராய்ச்சி செய்து தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் 2019-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

கொடை விழா மேடை

இந்த மண்ணில் நடிப்பு புதுசு இல்லை. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் பிறந்தது தூத்துக்குடி பக்கத்தில் உள்ள காட்டுநாயக்கன்பட்டியில்தான். ‘வள்ளி திருமணம்’ இன்றைக்கும் கோவில் விழாக்களில் விடிய விடிய நடக்கிறது. வில்லுப்பாட்டு, கரகாட்டம், ராஜபார்ட் பாட்டு என்று கேட்டு வளர்ந்த காது கரிசல் காது.

மேடை நடிகருக்குக் கடைசி வரிசையில் ஓலைப்பாயில் படுத்திருப்பவரையும் எழுப்பும் குரல் வேண்டும். சீரியல் நடிகருக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கும் கேமராவுக்குப் பொய் தெரியாத முகம் வேண்டும். மேடையில் இருந்து வருபவர்கள் முதலில் குரலைக் குறைக்கத்தான் பழக வேண்டும். ஆனால் மனப்பாட சக்தி, தயக்கம் இல்லாமை, சக நடிகர் தடுமாறினால் சமாளிப்பது எல்லாம் மேடை கொடுக்கும் சொத்து.

நடிக்க ஆசையா? காசு கொடுக்காதீங்க!

ஊரில் நாலு பேர் செல்போனில் ரீல்ஸ் போட்டு, அடுத்து சீரியல் ஆசையில் சென்னைக்கு பஸ் ஏறுகிறார்கள். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அங்கே வலை விரித்துக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ‘சேனலில் ஆள் தெரியும், ஆல்பம் எடுக்க இவ்வளவு, ரிஜிஸ்டர் பண்ண இவ்வளவு’ என்று கேட்டால் உஷாராக இருக்க வேண்டும்.

ஒரு கணக்கு எளிமையாக ஞாபகம் வைத்துக் கொள்ளலாம். வேலை கொடுப்பவர்தான் சம்பளம் தருவார். வேலை கேட்பவரிடம் காசு கேட்டால் அது வேலை இல்லை, ஏமாற்று. பெண்களைத் தனியாக ஓட்டல் அறைக்கு ‘ஆடிஷன்’ என்று கூப்பிட்டால் போகவே கூடாது. ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு போன் செய்ய வேண்டும்.

முறையாகக் கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. சென்னையில் ந.முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் இருந்து பசுபதி, விமல் என்று பலர் வந்திருக்கிறார்கள். அங்கே கணக்கராகச் சேர்ந்து, நடிகர்களைப் பார்த்துப் பார்த்தே நடிப்பு பழகியவர் விஜய் சேதுபதி. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறையே நம்ம சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில்தான் தொடங்கப்பட்டது. அதற்கும் முன்னால், கையில் ஒரு படிப்போ தொழிலோ இருக்க வேண்டும். டெல்லி கணேசுக்கு விமானப்படை, வேல ராமமூர்த்திக்கு தபால் துறை. வயிற்றுக்கு வழி செய்துகொண்டுதான் இருவரும் வேஷம் கட்டினார்கள்.

இனி ராத்திரி சீரியல் பார்க்கும்போது வில்லனை தாராளமாகத் திட்டலாம். திட்டு வாங்கத்தான் அவர் அந்தச் சம்பளம் வாங்குகிறார். ஆனால் அவரும் காலையில் டிபன் பாக்சோடு வேலைக்குப் போய், நாள் கணக்கில் கூலி வாங்கி, வீட்டுக்கு வந்து காலை நீட்டும் ஒரு தொழிலாளி என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.